'மிஸ்ஃபயர்': எரிதவறல் என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

'மிஸ்ஃபயர்' (என்ஜினில் எரிபொருள் எரியும் அறையான சிலிண்டரில், எரிய வேண்டிய முறையில் எரியாமல் விட்டுப்போகும் பழுது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய பேச்சில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: தவறெரிவு, எரிபிழை, பொறித்தவறல், எரிதப்பு, தகனப் பிழை. ஐந்தும் அக்கறையோடு ஆக்கப்பட்டவை. ஆனால் அந்தப் பழுதை என் கையாலேயே தேடிக் கண்டுபிடித்த பிறகு, ஐந்தையும் ஏற்க முடியவில்லை. எனவே முதலில் வண்டிக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது பதினோரு ஆண்டு ஓடிய, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சேலம் ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஏற்காட்டுக்கு ஏறத் தொடங்கி, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டாம் கியரில் அழுத்தியதும் வண்டி உதறியது. சீராக இழுத்துக்கொண்டிருந்த என்ஜின் நான்கு எட்டுக்கு ஒரு எட்டு நொண்டுவதுபோல் ஆயிற்று. முகப்பில் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். மின்னி மின்னி எரிந்தால் அழுத்தி ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிக்குப் போய் அங்கே எரியும்; அந்த வெப்பத்தில் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். மாற்றியின் விலைக்குப் பத்துத் தடவைக்கு மேல் பிளக் (சிலிண்டருக்குள் தீப்பொறி தரும் பாகம்) மாற்றலாம். வண்டியை ஓரங்கட்டி, சற்று ஆறவிட்டு, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில், வண்டியின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியபோது வந்த குறியீடு பி0302. கடைசி எண் சிலிண்டரின் எண்: இரண்டாவது. பி0300 என்று வந்திருந்தால், இன்ன சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் பலவற்றிலும் மாறிமாறி நேர்கிறது என்று பொருள்; அப்போது எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காற்றுக்கசிவு, பெட்ரோல் அழுத்தம் போன்றவற்றைத் தேட வேண்டும். எனக்கு ஒரே இடம் கிடைத்தது நல்வாய்ப்பு.

இனி நான் செய்ததெல்லாம் இடம் மாற்றிப் பார்த்ததுதான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு இரண்டாம் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) நான்காவதில் பொருத்தினேன், நான்காவதை இரண்டில். குறியீட்டை அழித்துவிட்டு, மேடு ஏறி இறங்கி வந்தேன். மீண்டும் பி0302. காயிலின் பழுது என்றால் குறியீடு காயிலோடு நகர்ந்து பி0304 ஆகியிருக்க வேண்டும். ஆகவே காயில் நல்லது. அடுத்து பிளக். பிளக் குழிக்குள் கிடந்த தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். இரண்டாவது பிளக்கையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டேன். கையாலேயே திருகிப் புரி சரியாகப் பிடித்த பிறகே ஸ்பானரைத் தொட்டேன். மீண்டும் அதே மேடு. இந்தத் தடவை பி0303.

கழற்றிய பிளக்கைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முனை இளம்பழுப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. கரி இல்லை, எண்ணெய் இல்லை. நகத்தால் பீங்கானை வருடியபோதுதான் தட்டுப்பட்டது: தலைமுடி அளவு விரிசல். முந்தைய சர்வீஸில் கீழே விழுந்த பிளக்கை எடுத்து அப்படியே பொருத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சமதரையில் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது விளங்கியது. மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் மிகுதியாகப் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக் முனையின் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக மின்னழுத்தம் தேவை. எளிய வழியாக விரிசல் கிடைத்ததும் மின்சாரம் அந்த வழியே போய்விட்டது. முனையில் பொறி இல்லை.

நான்கு பிளக்குகளையும் புதிதாகப் போட்டேன். ஏற்காடு ஏறி வந்துவிட்டேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

அந்த வளைவில் இரண்டாம் சிலிண்டரில் என்ன நடந்தது? தவறாக ஒன்றும் எரியவில்லை. எரியவே இல்லை. அதுவும் எப்போதும் எரியாமல் இல்லை. எரிய வேண்டிய தன் முறையில் எரியாமல் போயிற்று, அடுத்த முறை எரிந்தது, பிறகு மீண்டும் விட்டுப்போயிற்று. என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போதுகூட ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிய வேண்டிய முறை, இரண்டு சுற்றுக்கு ஒன்றாக, நிமிடத்தில் 400 தடவை வருகிறது. நான்குக்கும் சேர்த்து 1600. பெரும்பாலான நான்கு சிலிண்டர் என்ஜின்களில் எரியும் வரிசை 1, 3, 4, 2. வண்டியின் கணினி இதைக் கண்டுபிடிப்பதும் முறையை எண்ணித்தான். ஒவ்வொரு எரிவும் என்ஜினின் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டை ஒரு தள்ளு தள்ளும். தள்ளு வர வேண்டிய இடத்தில் தண்டின் வேகம் சற்றுத் தளர்ந்தால், அந்த முறைக்குரிய சிலிண்டரின் கணக்கில் ஒன்று ஏறும். 200 சுற்றுகளுக்குள் அந்தக் கணக்கு எல்லை மீறினால் விளக்கு மின்னத் தொடங்கும்.

ஆக, இந்தப் பழுதின் உயிர் 'முறை விட்டுப்போதல்' என்பதில் இருக்கிறது. இதை வைத்து ஐந்து சொற்களையும் பாருங்கள். 'தவறெரிவு' என்றால் எரிவு உண்டு, அது தவறானது என்று ஆகிறது. 'எரிபிழை'யும் அப்படியே. ஆங்கில முன்னொட்டைப் பார்த்து ஆக்கிய சொற்கள் இவை. என்ஜினைப் பார்த்து ஆக்கியவை அல்ல. 'பொறித்தவறல்' என் வண்டிக்குப் பொருந்தும், டீசல் வண்டிக்குப் பொருந்தாது. டீசல் என்ஜினில் தீப்பொறியே கிடையாது, அமுக்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அதிலும் இந்தப் பழுது வரும். பெட்ரோல் வண்டியிலும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்தாலோ வால்வு சரியாக மூடாவிட்டாலோ, பொறி பளிச்சென்று இருந்தும் எரியாது. காரணத்தைப் பெயரில் வைத்துவிட்டால், படிக்கும் மாணவர் பிளக்கைத் தாண்டித் தேட மாட்டார்.

'எரிதப்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'தாளம் தப்பியது' என்பதில் இருக்கும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் 'உயிர் தப்பினார்' என்ற வழக்கு மிகவும் வலியது. தீ விபத்துச் செய்தியில் வரும் சொல்லாகவே காதில் விழுகிறது. 'தகனப் பிழை' யாழ்ப்பாண நண்பர் தந்தது. இலங்கைப் பாடநூல்களில் தகனம் பல காலமாக நிலைத்த சொல். அகத்தகன எஞ்சின் என்றுதான் அங்கே படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் மனம் சுடுகாட்டுக்குப் போகிறது. அவர்கள் வழக்கில் குறை ஒன்றும் இல்லை, இங்கே வேரூன்றாது என்பதே என் கவலை.

என் முன்மொழிவு: எரிதவறல்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இதை 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். 'வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. 'மிஸ்ஃபயர்' என்பதன் சிதைவு என்று நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது சிதைவே அல்ல. ஒரு முறை விட்டுப்போகிறது என்பதைக் காதால் கேட்டு வைத்த பெயர் அது. புத்தகச் சொல்லைவிடப் பொருளுக்கு நெருக்கமானது. தமிழில் 'தவறு' என்ற வினை இதைத்தான் செய்கிறது. பருவமழை தவறியது என்கிறோம். மழை பிழையாகப் பெய்தது என்று யாரும் பொருள் கொள்வதில்லை, வர வேண்டிய காலத்தில் வரவில்லை என்றே கொள்கிறோம். நாள் தவறாமல், வேளை தவறி, முறை தவறாமல் எல்லாம் அப்படித்தான். 'எரி' என்பது நெருப்புக்குப் பழைய பெயர்ச்சொல். 'எரிமுன்னர் வைத்தூறு' என்று குறளில் வருகிறதே, அது. எரி தவறியது: நெருப்பு தன் முறைக்கு வரவில்லை.

1916-இல் ராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு சங்கம் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். அந்த ஊரிலிருந்து ஒரு சொல்லை முன்வைப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து

மறுமொழி:

அன்புடையீர், பாலிடெக்னிக்கில் இருபது ஆண்டுகளாகத் தானியங்கிப் பொறியியல் நடத்துகிறேன். உங்கள் விளக்கம் வகுப்பில் சொல்லத் தக்கது. மூன்று ஐயங்கள். ஒன்று, 'எரிதவறல்' என்பதில் ஒற்று மிக வேண்டாமா, 'எரித்தவறல்' என்று? இரண்டு, எரிபொருள், எரிவாயு போல வினைத்தொகையாகக் கொண்டு 'எரிகின்ற தவறு' என்று மாணவர்கள் படித்துவிட்டால் நீங்கள் தள்ளிய பொருளே திரும்பி வந்துவிடுமே? மூன்று, ஒரு சிலிண்டர் முழுவதும் செத்துப்போய் ஒரு முறைகூட எரியாவிட்டால் அதையும் எரிதவறல் என்பீர்களா? கணினி இரண்டுக்கும் ஒரே குறியீட்டைத்தான் தருகிறது.

மறுமொழிக்கு மறுமொழி:

ஐயா, வணக்கம். மூன்றும் சரியான கேள்விகள்.

ஒற்று மிகாது. எரி இங்கே எழுவாய். 'மழை தவறியது' என்பதில் எப்படி மிகவில்லையோ அப்படி. 'கைதவறி விழுந்தது', 'வாய்தவறிச் சொன்னான்' என்று நாம் நாள்தோறும் சொல்வதும் இதே அமைப்பு. 'எரித்தவறல்' என்று எழுதினால் எரிதலில் நேர்ந்த தவறு என்று பொருள் மாறிவிடும்.

இரண்டாவது ஐயத்தில் நீங்கள் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அதற்காகவே 'எரிதவறு' என்று சுருக்காமல் '-அல்' ஈற்றோடு தொழிற்பெயராக நிறுத்த வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். தவறு என்றால் பிழை. தவறல் என்றால் தவறுகின்ற செயல். பாடத்தில் முதல் தடவை வரும்போது வினையாக வரட்டும்: 'இரண்டாம் சிலிண்டர் எரிதவறுகிறது', 'மேட்டில் எரிதவறியது', 'எரிதவறாமல் ஓடுகிறது'. வினையைக் கேட்ட காது பெயரைப் பிழையாகக் கொள்ளாது. வினையாகத் திருப்ப முடியாத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும். 'தகனப் பிழை'யை எப்படி வினையாக்குவது?

மூன்றாவதில் உங்கள் பக்கம் சாய்கிறேன். முழுவதும் எரியாத சிலிண்டருக்கு 'எரியாச் சிலிண்டர்' என்று தனியே சொல்லலாம். பழுது தேடுபவருக்கு இந்த வேறுபாடு பயன்படும். விட்டுவிட்டு வந்தால் காயிலையும் பிளக்கையும் வயர் இணைப்பையும் முதலில் பார்ப்போம். ஒரு முறைகூட எரியவில்லை, இடம் மாற்றியும் குறியீடு நகரவில்லை, இன்ஜெக்டரும் சரி என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அமுக்க அழுத்தம், பார்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பிளக் துளை வழியே விட்டு மீண்டும் அளந்தால், எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் (பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு) என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த நிலைக்கு வந்த வண்டியை வீட்டில் பிரிக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

இதையொட்டி இன்னும் மூன்று சொற்கள். பொறி விழுமுன்பே சூடான கரித்துகளால் பற்றிக்கொள்வதை 'முந்தெரிவு' எனலாம். அரைகுறையாக எரிவது 'குறையெரிவு'. காற்று உறிஞ்சும் வழியில் திருப்பி வெடிப்பது 'பின்வெடிப்பு'. மெக்கானிக்கிடம் இவையெல்லாம் 'மிஸ்ஸிங்' என்ற ஒரே முறையீடாகத்தான் போய்ச் சேர்கின்றன. மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. பிளக், காயில், கேஸ்கெட் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கடையில் போய்க் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள் அவை. வாங்கப் போகிறவர் கையில் கடைக்காரருக்குத் தெரிந்த பெயர் இருக்க வேண்டும்.

நேற்று மாலை எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் 'மேட்டில் வண்டி எரிதவறியது' என்று மட்டும் சொன்னேன், விளக்கம் எதுவும் தரவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: 'எந்தச் சிலிண்டர்?'

மதுரை, நெல்லை, கோவைப் பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' தவிர வேறு சொல் வழங்கினால் குழுமத்துக்கு எழுதுங்கள். அடுத்த வாரத் தொகுப்பில் சேர்த்துவிடுகிறேன்.