காரைக்குடி பழைய வீடு: மூணு போர்ஷனாப் பிரிக்க யோசனை வேணும்

வணக்கம். காரைக்குடியில ஒரு ஓட்டு வீடு விலைக்கு வருது. முன்கட்டுல நாங்க, பின்கட்டுல ரெண்டு போர்ஷன் வாடகைக்குன்னு திட்டம்.

விக்கிற பங்காளிகள் ஏழு பேர், ரெண்டு பேர் வெளிநாட்டுல. அவங்க சார்பா இங்க ஒருத்தர் கையெழுத்துப் போட, தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணின பவருக்கு (அதிகாரப் பத்திரம்) இங்க வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், அது சரி. பத்திரத்துல வேற சிக்கல் வருமா?

பெரிய தலைவலி மேற்குச் சுவர். சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூசியிருக்காங்க. ஈரம் வெளியேற வழியில்லாம இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கு. தட்டினா பொள்ளல் சத்தம், பொருக்குப் பொருக்கா உதிருது. ஓதம் ஏறின உயரத்துக்கு மேல ரெண்டடி வரைக்கும் கொத்தி எடுத்து, 1:3 சுண்ணாம்பு மணல் கலவை பூசணும். ஊறவெச்சு அரைச்ச சுண்ணாம்புல வேலை தெரிஞ்ச கொத்தனார் வேணும். வெள்ளை சிமெண்ட்டைத் தேச்சு ‘செட்டிநாடு ஃபினிஷ்’னு சொல்றவங்க வேண்டாம்.

பாத்ரூம் கொல்லைப்பக்கம்தான். ஏன்னா வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல், அது சூளையில சுடாத சிமெண்ட் கல். பாத்ரூம் கழுவுற ஆசிட் பட்டா நிறம் போயிடும்.

மூணு ஈபி மீட்டருக்குத் தனி வாசல், தனி அடுப்படி காட்டினா போதுமா? சமீபத்துல வாங்கினவங்க சொல்லுங்க.