சிபில் அறிக்கையில் ‘வழக்குத் தொடரப்பட்டது’: சம்மனே வராமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி. எங்கிருந்து தொடங்குவது?

காட்பாடிவாசி:

வீட்டுக் கடனுக்கு மனு போட்ட வங்கியில் சிபில் அறிக்கையை (கடன் வரலாற்று அறிக்கை) எடுத்துக் காட்டினார்கள். நிதி நிறுவனம் ஒன்றில் வாங்கிய பழைய தனிநபர் கடன் கணக்கில் ‘வழக்குத் தொடரப்பட்டது’ என்று இருக்கிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் 2022-ல் அசல் வழக்கு, 2023-ல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி (நான் ஆஜராகாமலே ஒருதலையாக ஆன தீர்ப்பாணை). தொகை ரூ.1,86,000, அதன்மேல் வட்டியும் செலவும். வழக்கில் உள்ளது 2020-ல் காலி செய்த வாடகை வீட்டு முகவரி. சம்மன் கைக்கு வரவில்லை. ரூ.90,000 உடனே கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிறுவனத்திலிருந்து போனில் சொல்கிறார்கள். பணத்தைக் கட்டுவதா, சிபிலில் புகார் போடுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

கோட்டை அகழி:

சார், இந்த வாரம் பணம் கட்ட வேண்டாம், சிபில் புகாரும் வேண்டாம். முதல் வேலை நகல் மனு. வழக்கு எண்ணையும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (இ-கோர்ட்ஸில் ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துக்கொண்டு ஒரு வக்கீல் மூலம் பிராது (வழக்குப் போட்டவரின் மனு), தீர்ப்பு, டிக்ரி, இவற்றோடு சம்மன் திரும்பிய அறிக்கைக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். பலர் டிக்ரி நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் வழக்கின் உயிரே அந்தச் சம்மன் அறிக்கையில்தான் இருக்கிறது. அமீனா (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) கதவில் ஒட்டினாரா, வீட்டில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டார்களா, தபால் உறை ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பியதா, கடைசியில் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். உறையில் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருந்தால் சிக்கல் கூடும். சட்டம் அதைச் சேர்ப்பித்ததாகவே எடுத்துக்கொள்ளும், அது பொய் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

டிக்ரியை ரத்து செய்யக் கேட்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 13-ன் கீழ். கெடு 30 நாள். சாதாரணமாக டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து. எனவே வங்கி அறிக்கையைக் காட்டிய தேதிக்கும், இ-கோர்ட்ஸில் பார்த்த தேதிக்கும் சான்று எடுத்து வையுங்கள். எதிர்த்தரப்பு ‘முன்பே தெரியும்’ என்று சொல்லப் பார்க்கும். அதனால் டிக்ரி தேதியிலிருந்தே தாமதத்தை எண்ணி, காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்துப் போடுவது பாதுகாப்பு. நாள் எண்ணிக்கை பிசகினால் மனுவுக்கு எண் கொடுக்காமல் கோர்ட்டில் திருப்பிவிடுவார்கள்.

பழைய வீட்டில் இல்லை என்பதற்குப் புது வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், ரேஷன் கார்டு முகவரி மாற்றம், ஆதார் திருத்த வரலாறு எல்லாம் உதவும். முகவரி மாறியதை நிறுவனத்துக்கு மெயிலில் சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய சான்று இல்லை. ‘சம்மன் வரவில்லை’ என்று ஒற்றை வரியில் பிரமாணப் பத்திரம் எழுதினால் எடுபடாது. உங்கள் எதிர்வாதம் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும்: கட்டிய தவணையை வரவு வைக்கவில்லை, வட்டி ஒப்பந்தத்தில் இல்லாதது, கடைசித் தவணை தேதியிலிருந்து 3 ஆண்டு தாண்டி வழக்குப் போட்டார்கள், இப்படி எது உண்மையோ அது. ஒரு பகுதிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லி நிபந்தனையோடு ரத்து செய்வதும் உண்டு, அதற்குக் கையில் தொகை வைத்திருங்கள்.

இதற்கு முன்னால் அவசரப்பட்டு அப்பீல் போடாதீர்கள். அப்பீல் தள்ளுபடியானால், நீங்களாக வாபஸ் வாங்கிய சந்தர்ப்பம் தவிர, ரூல் 13 வழி அடைபட்டுவிடும்.

பாலாறு:

அகழி சொன்னதில் கோர்ட் பக்கம் முழுதாக இருக்கிறது. சிபில் பக்கத்தைச் சொல்கிறேன், இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

கோர்ட் தீர்ப்பு தானாகச் சிபிலுக்குப் போவதில்லை. கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பினால்தான் பதிவாகும். (புரோநோட்டில் தனியாரிடம் வாங்கிய கைமாற்றுக்கு டிக்ரி ஆனாலும் சிபிலில் வராததற்கு இதுவே காரணம்.) ஆகவே டிக்ரி ரத்தானாலும் அந்த வரி உடனே போகாது. ரத்து என்றால் வழக்கு பழையபடி உயிர் பெறுகிறது, ‘வழக்குத் தொடரப்பட்டது’ என்பது அப்போதும் உண்மைதான். வழக்கு தள்ளுபடியாகவோ வாபஸாகவோ வேண்டும், அல்லது கணக்கு முடிய வேண்டும்.

அந்த ரூ.90,000 விஷயத்தில் கவனம். பாக்கியைக் குறைத்து முடித்தால் கணக்கு ‘செட்டில்டு’ என்று பதிவாகும், ‘குளோஸ்டு’ என்று ஆகாது. வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் ‘செட்டில்டு’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே தயங்குவார்கள். முழுப் பாக்கியைக் கட்ட முடிந்தால், வட்டிக் குறைப்பு மட்டும் கேட்டுப் பேசி ‘குளோஸ்டு’ என்று அனுப்புவதாக எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதற்கு மதிப்பு இல்லை. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடன் கணக்கு எண், வழக்கு எண், தொகை, கட்டும் தேதி, பாக்கி பூஜ்யம், வழக்குக் குறிப்பை நீக்குவது, எல்லாம் இருக்க வேண்டும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். நான்கையும் எடுங்கள், ஒன்றில் திருத்தினால் மற்றதில் பழையது நிற்கும். தவறு இருந்தால் இணையத்திலேயே புகார் செய்யலாம். நிறுவனம் 21 நாளில் பதில் அனுப்ப வேண்டும், மொத்தக் கெடு 30 நாள். அதைத் தாண்டினால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்போதும் நகரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை. கடனே உங்களுடையது அல்ல, பெயர் ஒற்றுமை என்றால் மட்டும் இந்தப் புகாரை முதல் நாளே போடுங்கள், பான் எண்ணை ஒப்பிட்டுவிட்டு.

காட்பாடிவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கடன் என்னுடையதுதான். இன்று மறுபடி பார்த்தேன், நிறைவேற்று மனுவும் (இ.பி., டிக்ரி பணத்தை வசூலிக்கக் கேட்பது) போட்டிருக்கிறார்கள். அடுத்த வாய்தா மூன்று வாரத்தில். சம்பளத்தைப் பிடிப்பார்களா?

வேலப்பாடி:

அந்த வாய்தாவைத் தவறவிடாதீர்கள். ரூல் 13 மனு போட்டாலே இ.பி. நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். இ.பி.யிலும் வக்காலத்து தாக்கல் செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் எக்ஸ்பார்ட்டி.

சம்பள ஜப்திக்கு வரம்பு உண்டு. முதல் ரூ.1,000-மும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாது. இந்த வரம்புக்குக் கணக்கிடும் சம்பளம் ரூ.40,000 என்றால் மாதம் ரூ.13,000 வரை பிடிக்கலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது.

இன்னொன்று, பணத்தைக் கோர்ட்டுக்கு வெளியே கட்டினால் ஆர்டர் 21 ரூல் 2-ன்படி அதைக் கோர்ட்டில் பதிவு செய்தாக வேண்டும். நிறுவனம் பதியாவிட்டால், கட்டிய 30 நாளுக்குள் நீங்களே மனு போடுங்கள். பதியாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. ரசீது கையில் இருந்தும் முழுத் தொகைக்கும் ஜப்தி வருவது இதனால்தான்.

கடன் உங்களுடையது, வீட்டுக் கடனும் அவசரம் என்பதால் என் யோசனை: தடை மனுவையும் ரூல் 13 மனுவையும் போட்டுவிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் லோக் அதாலத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அதில் வரும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது, டிக்ரிக்குச் சமம். ‘குளோஸ்டு’ என்று அனுப்பும் நிபந்தனையையும் கெடுவையும் அதிலேயே எழுதிவிடலாம். வக்கீல் செலவு சிரமம் என்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு இல்லை.

பணம் கட்டி முடிந்ததும் இ.பி.யில் ‘முழுத் திருப்தி’ (டிக்ரி தொகை முழுதும் தீர்ந்தது) என்று பதிவாகி முடிந்த உத்தரவுக்கு நகல் வாங்கி, நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிச் சேர்ந்த ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். 45 நாள் கழித்து நான்கு அறிக்கையையும் திரும்ப எடுத்துப் பாருங்கள்.