ஆய்வு எப்படிச் செய்வது என்று லைப்ரரியில் கேட்கலாமா?

மருதமுனைப்பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். நான் முகாமைத்துவம் படிக்கிறேன், இறுதி வருடம். ஆய்வறிக்கைக்கு எங்கள் ஊரான மருதமுனையின் கைத்தறி நெசவை எடுத்திருக்கிறேன், தலைப்புக்கு சேர் ஓம் சொல்லிவிட்டார், இப்போது இலக்கிய மீளாய்வு, அதாவது இந்த விஷயத்தில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் பற்றிய பகுதி, எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார். கூகிளில் தேடினால் சாரன் விற்கிற கடைகளும் பேஸ்புக் பக்கங்களும்தான் வருகின்றன. முதலாம் வருடம் சேர்ந்த கிழமை எங்களை வரிசையாக லைப்ரரிக்குக் கூட்டிப்போனார்கள். இது இரவல் பகுதி, இது உசாத்துணைப் பகுதி, பேக்கை வெளியே வையுங்கள், போனை சைலன்டில் போடுங்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கட்டுரைகளை எங்கே, எப்படித் தேடுவது என்று நூலகத்தில் போய்க் கேட்கலாமா? அது அவர்களுடைய வேலையா? கவுன்டரில் கேட்க ஒருமாதிரிக் கூச்சமாக இருக்கிறது.

கல்லடிப்பாலம்:
தாராளமாகக் கேளுங்க தங்கச்சி. ஆனால் புத்தகம் பதிந்து கொடுக்கிற கவுன்டரில் கேட்காதீங்க, அவர்கள் அந்த வேலையில் இருப்பார்கள். உதவி நூலகர் யார் என்று கேட்டு அவருடைய அறைக்குப் போங்க. போகும்போது தலைப்பை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்க.

நூலகப்பணி_அம்பாறை:
நான் இந்த மாவட்டத்தில் ஒரு கல்வி நிறுவன நூலகத்தில் வேலை செய்கிறேன். தங்கச்சி, அது எங்கள் வேலைதான், சந்தேகமே வேண்டாம். சேர்ந்த கிழமை நடத்துகிற சுற்றிக்காட்டலில் எனக்கு எப்போதும் மனவருத்தம் உண்டு. அந்த நேரத்தில் பிள்ளைகளிடம் தேடுவதற்கு ஒரு கேள்வியும் இருக்காது, ஹொஸ்டல் கிடைக்குமா என்ற யோசனைதான் இருக்கும், சொன்னது எதுவும் மனதில் நிற்காது. முதல் அசைன்மென்ட் கையில் கிடைக்கிற கிழமையில் அந்த வகுப்பை வைத்து, விரிவுரையாளரும் பக்கத்தில் இருந்தால் ஒரு மணித்தியாலம் போதும். அமெரிக்காவில் கல்லூரி நூலகங்களின் சங்கம் 2000ஆம் ஆண்டு தகவல் திறனுக்கென்று, அதாவது தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்துகிற திறனுக்கென்று, தரநிலைகள் போட்டது, மாணவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நீண்ட பட்டியல் அது. 2016இல் அதை எடுத்துவிட்டு ஆறு அடிப்படைக் கருத்துகளுக்கு மாறினார்கள். அதில் ஒன்று, ஆய்வு என்பது கேள்வி கேட்டுக்கொண்டே போவது என்பது. எங்களுடைய சுற்றிக்காட்டலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

சரி, உங்கள் தலைப்புக்கு வருவோம். 'கைத்தறி நெசவு' என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அலைந்துகொண்டே இருப்பீர்கள். என்ன தெரியவேண்டும்? நெசவாளரின் வருமானமா, நூல் விலையா, இளம் ஆட்கள் தறியை விட்டுப் போவதா, வியாபாரிக்கும் நெசவாளருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலா? ஒன்றைப் பிடியுங்கள். அப்புறம் புத்தக இறாக்கைக்குப் போங்கள். புத்தகங்களை விஷயவாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி பகுப்பில் உங்கள் விஷயம் ஒரே இடத்தில் இருக்காது: தொழிலின் பொருளாதாரம் 338இல், துணி உற்பத்தி 677இல், நெசவை ஒரு கலையாகப் பார்க்கிற புத்தகம் 746இல். 677இல் மட்டும் பார்த்துவிட்டு 'லைப்ரரியில் ஒன்றுமில்லை' என்று திரும்பிப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கட்டுரைகளுக்கு, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தருகிற கூகிள் ஸ்கொலர் போங்கள், இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது, அதில் காசு கட்டாமல் வாசிக்கலாம். ஹேண்ட்லூம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சிலர் சேர்த்து எழுதுவார்கள், சிலர் பிரித்து எழுதுவார்கள், இரண்டையும் தேடுங்கள். ஊர்ப்பெயர் போட்டு ஒன்றும் வராவிட்டால் மனம் விடவேண்டாம். கிழக்கு மாகாணம், பிறகு இலங்கை, பிறகு இந்தியா என்று வட்டத்தைப் பெரிதாக்குங்கள். இந்தியாவில் கைத்தறியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், அவர்கள் நெசவாளரிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதே உங்களுக்கு உதவும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் கடைசியில் உள்ள உசாத்துணைப் பட்டியலைப் பாருங்கள், அது பின்னால் கொண்டுபோகும். ஸ்கொலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே அதை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று இருக்கும், அதை அழுத்தினால் பிறகு வந்த கட்டுரைகள் வரும். ஒரு கட்டுரையிலிருந்து இப்படி ஒரு மீளாய்வுக்குத் தேவையான அளவு சேர்த்துவிடலாம்.

ஆரையம்பதியான்:
மேலே சொன்னதோடு ஒன்று. சட்ஜிபிடியிடம் உசாத்துணை கேட்காதீங்க. கேட்டால் ஆசிரியர் பெயர், ஆண்டு, சஞ்சிகை, பக்க இலக்கம் என்று எல்லாம் அழகாகக் கொடுக்கும், தேடிப்போனால் அப்படி ஒரு கட்டுரையே இல்லாமலும் இருக்கும். தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு ஸ்கொலரில் தேடுங்க, டிஓஐ இலக்கம் (ஒரு கட்டுரைக்கென்றே உள்ள தனி இலக்கம்) கொடுத்திருந்தால் அதை doi.org தளத்தில் போட்டுப் பாருங்க. கட்டுரையைத் திறந்து வாசிக்காமல் பட்டியலில் சேர்க்கவே கூடாது. தமிழில் பழைய பத்திரிகை, மலர், பிரசுரம் வேண்டுமென்றால் நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது, 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்து போடுகிறார்கள்.

மருதமுனைப்பிள்ளை:
ஜஸாக்கல்லாஹ், எல்லோருக்கும் நன்றி. 338 இறாக்கையை நான் பார்த்ததே இல்லை, நாளைக்குப் போகிறேன். இன்னொன்று கேட்கவேண்டும். ஊரில் எத்தனை தறி இருக்கிறது என்று ஒரு பழைய பிரசுரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, இணையத்தில் ஒருவர் எழுதியதில் வேறு கணக்கு. எதைப் போடுவது?

நூலகப்பணி_அம்பாறை:
இரண்டையும் அப்படியே நம்பவேண்டாம். எந்த ஆண்டு எடுத்த கணக்கு என்று முதலில் பாருங்கள். 2004 சுனாமி உங்கள் ஊரை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதற்கு முந்தின கணக்கை இன்றைய நிலை என்று எழுதமுடியாது. அப்புறம் எண்ணியது யார், தறியை எண்ணினார்களா நெசவு செய்கிற வீட்டை எண்ணினார்களா என்று பாருங்கள். இணையத்தில் எழுதியவர் எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் கேட்டுப் பாருங்கள், பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். அதிலும் வேறுபாடு இருந்தால் இரண்டு கணக்கையும் ஆண்டோடு எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று உங்கள் கருத்தையும் ஒரு பந்தியில் வையுங்கள், எந்த சேரும் அதற்குப் புள்ளி குறைக்கமாட்டார். வாசிக்கிற ஒவ்வொன்றையும் அன்றன்றே சொட்டேரோ (Zotero) என்ற மென்பொருளில் போட்டுவையுங்கள், அது இலவசம், கடைசியில் உசாத்துணைப் பட்டியலை அதுவே செய்து தரும். உங்கள் நூலகத்தில் அதை நிறுவித் தரச் சொல்லிக் கேளுங்கள்.