டரான்டுலா என்ற பெரிய முடிச் சிலந்தியோடு உங்களுக்கு நடந்தது என்ன?

மல்லாந்தவள்
சிலி ரோஸ் வகை டரான்டுலா, பெண். ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறாள். இரண்டு மாதம் தீனி தொடவில்லை, வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் எட்டுக் காலும் விரிய மல்லாந்து கிடக்கிறாள். செத்துவிட்டாள் என்று செருப்புப் பெட்டிக்கு மாற்றினேன். மாற்றும்போது ஒரு கால் இழுபட்டது. மாலையில் புதைக்கத் திறந்தால் உள்ளே இரண்டு சிலந்தி! ஒன்று வெறும் சட்டை, உரித்துப் போட்ட தோல். இன்னொன்று அவள், விஷப்பல் பால் வெள்ளையில். அந்தக் கால் மட்டும் வளைந்தபடியே இறுகிவிட்டது. இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள்.

தொட்டிக்காரன்
செத்த சிலந்தி காலை அடியில் சுருட்டிக்கொள்ளும், மல்லாக்காது. மல்லாப்பது தோல் உரிக்கத்தான். இதுகூடத் தெரியாமல் ஆறு வருடமா? என் கதை சின்னது. உரிக்கிற அன்று ஒரு சிள்வண்டைத் தொட்டியிலேயே விட்டிருந்தேன். அது சிலந்தியின் வயிற்றைக் கடித்துவிட்டது, பிழைக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: தின்னாத இரையை அன்றைக்கே எடுங்கள். உரித்தபின் பல் கறுக்கும்வரை தீனி வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் காயக்கூடாது. ஆனால் சிலி ரோஸுக்கு மண் சதசதவென்று இருந்தால் ஆகாது. தரையில் வாழும் வகைக்கு உயரமான தொட்டி எதற்கு? விழுந்தால் வயிறு வெடிக்கும். கையில் ஏந்தி போட்டோ எடுப்பவர்களுக்கும் இதேதான்.

அரிப்பு
இத்தனை சொன்னவர் அதன் வயிற்றிலிருந்து உதிர்ந்து அரிக்கிற முடியைச் சொல்லவில்லையே! என்னுடையது மெக்சிகோ சிவப்பு முட்டி வகை. தொட்டி துடைக்கும்போது பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்த்து முடியை உதிர்த்தது. அதே கையால் கண்ணைக் கசக்கினேன். மூன்று வாரம் சொட்டு மருந்து. டாக்டர் என்ன விழுந்தது என்று கேட்டதற்கு, வெட்கத்தில் சிமெண்ட் தூசி என்று சொல்லிவிட்டேன்.

வன்னிப்பக்கம்
எங்கள் இலங்கை டரான்டுலாக்களுக்கு அந்த முடி கிடையாது, விஷம்தான் கடுமை. நான் வளர்த்ததில்லை. போருக்குப் பிறகு மீள்குடியேறின புதிதில், வன்னியில், மாங்குளத்தில், கிணற்றடிச் சுவரில் விரித்த கை அளவுக்கு ஒன்று. காலின் அடியில் மஞ்சள். அம்மா தும்புத்தடியால் ஒரே அடி. பிறகு அதே மாங்குளத்தில் புது இனம், பொசிலோதீரியா ராஜேயி என்று 2012 முடிவில் பெயர் வைத்தார்கள். படத்தைப் பார்த்தேன், காலில் அதே மஞ்சள். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

மல்லாந்தவள்
தொட்டிக்காரன் அண்ணா, புத்திமதிக்கு நன்றி. கால் நேராகுமா, அதைச் சொல்லுங்கள்.

தொட்டிக்காரன்
அடுத்த உரிப்பில் ஓரளவு சரியாகலாம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை தொடாதீர்கள்.