பொருள்: அன்ரிபீடன்ற் – தமிழில் என்ன?

அக்கரைப்பற்று, விவசாயப் போதனாசிரியர்:
சோளச் செய்கையாளருக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் பற்றிய பந்தியில் 'அன்ரிபீடன்ற்' (antifeedant), அதாவது பூச்சியைத் தின்னவிடாமல் தடுக்கும் பொருள், என்ற சொல் இடறுகிறது. 'பூச்சிவிரட்டி' பொருந்தவில்லை, விரட்டி என்றால் பூச்சி கிட்டவே வராது. இங்கோ சோளத்தைத் தின்னும் படைப்புழு இலையில் இருக்கிறது, ஓரத்தைக் கடிக்கிறது, நிறுத்திவிடுகிறது. இலையின் மேலேயே பட்டினி கிடக்கிறது. 'ஊண்மறுப்பி' சரியா?

மட்டக்களப்பு, தமிழாசிரியர்:
மறுப்பது புழு, வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் அல்ல. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. ஆகவே 'விலக்கி' வேண்டும். ஆனால் 'உண்விலக்கி' என்னாதீர்கள். உணவை உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்று நான்காக வகுத்த மொழி இது. கடித்து மெல்லுவது தின்றல். 'தின்விலக்கி' என்பதே முறை.

வந்தாறுமூலை, பூச்சியியல் மாணவி:
சேர், அப்படியானால் நெல்லில் சாறு உறிஞ்சும் கபிலநிறத் தத்திக்குப் 'பருகுவிலக்கி' என்று இன்னொன்று ஆக்குவதா? என் தயக்கம் 'விலக்கி'யிலேயே இருக்கிறது. கோவா (முட்டைக்கோஸ்) இலையின் காரச்சுவைப் பொருட்கள் பல பூச்சிகளுக்கு ஆகாதவை. வைரமுதுகு அந்துக்கோ அவைதான் அழைப்பு, அந்த மணம் பிடித்தே முட்டையிடுகிறது. சோள இலையிலும் டிம்போவா என்ற தற்காப்பு நஞ்சு உண்டு. படைப்புழு தன் குடலில் அதனுடன் சர்க்கரையை இணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. எந்தப் பூச்சிக்கு விலக்கி என்று சொல்லாமல் இந்தச் சொல் நிற்காது.

இன்னொன்று, சொல்லைவிட முக்கியமானது: அசாடிராக்டின் உள்ளே போனால் புழுவால் ஒழுங்காகத் தோலுரிக்க முடியாது, வளர்ச்சி தடைப்படும். இதற்கு நாள் எடுக்கும். அதை எழுதாவிட்டால், மறுநாள் உயிரோடு நெளியும் புழுவைக் கண்ட விவசாயி கடைக்குப் போய் நஞ்சு வாங்கி அடிப்பார்.

காரைதீவு, ஓய்வுபெற்ற அதிபர்:
1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் முடித்துவிடாதீர்கள். வயலில் 'கசப்பு அடித்தால் தின்னாது' என்கிறார்கள். 'கசப்பூட்டி' ஆகாதா?

வந்தாறுமூலை:
ஐயா, கசப்பு நம் நாக்கின் கணக்கு. புழுவின் சுவையுணரிகள் அதன் வாயுறுப்புகளில் இருக்கின்றன. நமக்குக் கசக்காததையும் அவை ஒதுக்கும்.

அக்கரைப்பற்று:
சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் பொருந்தும் என்பதால் 'உண்விலக்கி'யையே எடுத்து, எந்தப் பூச்சிக்கு என்பதையும் சேர்த்து, 'படைப்புழுவைத் தின்னவிடாத பொருள் (உண்விலக்கி)' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். தோலுரித்தல் பற்றிய பந்தியையும் சேர்த்துவிட்டேன், தங்கச்சி.

மட்டக்களப்பு:
விளக்கத்தில் 'தின்ன', சொல்லில் 'உண்'! என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.