பகுதிச் செய்தியும் உதவி எண்களும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர என்ன வழி?

தெருமுனை (கேள்வி)

வணக்கம். ஏறக்குறைய 400 வீடுகள், 11 தெருக்கள் உள்ள நகர்ப்பகுதி. குடியிருப்போர் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தண்ணீர் நிறுத்தம், மின்தடை, சாலை மூடல், மருத்துவ முகாம் எல்லாம் அதில்தான் வருகிறது. வந்த பத்து நிமிடத்தில் காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடியில் புதைந்துவிடுகிறது. "தெருவிளக்கு எரியலை, யாரைக் கூப்பிடணும்?" என்று வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள், நாலு விதமாகப் பதில் வருகிறது. உதவி எண்கள் பட்டியல் ஒன்று பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. அதில் பல எண்கள் செத்துப்போனவை. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கு எதுவுமே போவதில்லை.

தனி ஆப் தேவையா? பட்டியலை எப்படிப் பராமரிப்பது? தெருவில் பலகை வைத்தால் பயன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கொலி

ஆப் வேண்டாம். 400 வீட்டுக்காக இன்னொரு ஆப்பை யாரும் இறக்க மாட்டார்கள், இறக்கினாலும் இரண்டாம் மாதம் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவார்கள். இருக்கிற இடத்திலேயே அறிவிப்பையும் அரட்டையையும் பிரித்தால் போதும். அட்மின் மட்டும் எழுதக்கூடிய குரூப் ஒன்று, பேசுவதற்கு பழைய குரூப். வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று தொடங்கினால் அறிவிப்புக் குரூப் தானாகவே வந்துவிடும்; அதில் மற்ற உறுப்பினர்களுக்கு உங்கள் எண் தெரியாது என்பதால் தயங்குகிறவர்களும் சேர்வார்கள். 'பிராட்காஸ்ட் லிஸ்ட்' போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், தவிர உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். போகாதவர்களுக்குப் போகவில்லை என்பதே தெரியாது. அறிவிப்புக்கு அது ஆகாது.

சிக்கல் பெரும்பாலும் குரூப்பில் இல்லை, அறிவிப்பை எழுதுகிற விதத்தில்தான். இப்படி ஒன்று வரும்:

"நாளை தண்ணீர் வராது. அனைவரும் ஒத்துழைக்கவும். பகிரவும்."

எந்த நாளை? மறுநாள் காலையில் திறந்து பார்ப்பவருக்கு அது அடுத்த நாள். மூன்று நாள் கழித்து இன்னொருவர் ஃபார்வர்டு செய்தால் புதிதாக ஒரு தண்ணீர் நிறுத்தமே பிறந்துவிடும். இதையே இப்படி எழுதுங்கள்:

"தண்ணீர் நிறுத்தம்: செவ்வாய், 14ஆம் தேதி, காலை 9 முதல் மாலை 5 வரை. 3ஆம் தெரு முதல் 7ஆம் தெரு வரை மட்டும். காரணம்: குழாய் இணைப்பு வேலை. சொன்னது: குடிநீர்ப் பிரிவு, திங்கள் 13ஆம் தேதி மாலை 4 மணிக்கு, தொலைபேசியில். அடுத்த தகவல்: செவ்வாய் மாலை 5 மணிக்கு."

கிழமையும் தேதியும் இரண்டும் வேண்டும். ஒன்றில் தட்டச்சுப் பிழை வந்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். 'இன்று', 'நாளை', 'மறு அறிவிப்பு வரும் வரை' மூன்றும் தடை. 'இரவு 12 மணி' என்றும் எழுதாதீர்கள், அது திங்கள் முடிவா செவ்வாய் முடிவா என்று குழப்பும். 11.59 என்று போட்டுவிடுங்கள்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த தகவல் எப்போது என்று சொல்லிவிட்டால் "வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்கும் நாற்பது செய்திகள் குறையும். மாலை 5 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லையென்றாலும் "இன்னும் வேலை முடியவில்லை, அடுத்தது 7 மணிக்கு" என்று போட வேண்டும்.

தவறாகப் போட்டுவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். முதலில் படித்தவர் அழித்ததைப் பார்க்கமாட்டார், கையில் பழைய தகவலோடு நிற்பார். பழைய செய்திக்கே பதிலாக 'திருத்தம்' என்று தொடங்கி எழுதுங்கள். அறிவிப்பைப் படமாகவும் போடாதீர்கள். தேடினால் கிடைக்காது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் போன் அதை வாசித்தும் காட்டாது. அலுவலகத்திலிருந்து வந்த பழைய பாமினி எழுத்துருக் கோப்பை அப்படியே ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

ஏடு_பார்ப்பவர்

பட்டியல் பற்றி. பிடிஎஃப் ஏன் செத்துப்போகிறது என்றால், அதற்குத் தேதியும் கிடையாது, சொந்தக்காரரும் கிடையாது. திருத்தினாலும் பழையதுதான் சுற்றிக்கொண்டிருக்கும். பகிர்ந்த எக்செல் தாள் ஒன்று போதும்: பார்க்க எல்லாருக்கும் அனுமதி, திருத்த இரண்டே பேருக்கு. அச்சுக்கு மட்டும் அதிலிருந்து எடுங்கள்.

துறைப் பெயரை முதல் பத்தியில் (நெடுவரிசையில்) வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சாக்கடை பொங்கி நிற்கும்போது யாரும் 'பொதுச் சுகாதாரப் பொறியியல் பிரிவு' என்று தேடமாட்டார்கள். முதல் பத்தியில் பிரச்சினையை வையுங்கள், மக்கள் சொல்கிற சொல்லிலேயே: 'சாக்கடை பொங்குது', 'மரம் விழுந்துடுச்சு', 'தெருநாய் கடிச்சுடுச்சு', 'குப்பை எடுக்கலை'. பிறகு எண், எண் எடுக்கப்படும் நேரம், அந்த நேரத்துக்கு வெளியே யாரை அழைப்பது, அழைக்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும் (இணைப்பு எண், மின்கம்ப எண், வரி ரசீது எண்), கடைசியாகச் சரிபார்த்த தேதி.

சரிபார்ப்பது என்றால் வெப்சைட்டில் அதே எண் இருக்கிறதா என்று பார்ப்பதல்ல. வெப்சைட்டிலும் பழையது இருக்கும். கூப்பிட்டுப் பேச வேண்டும். 36 எண் இருந்தால் மாதம் 12, மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்தத் தெருவில் இந்தப் பிரச்சினைக்கு இந்த எண்தானா?" மணி அடிக்கிறது என்பது போதாது, அடிப்பது வேறு மண்டல அலுவலகமாக இருக்கலாம். இரண்டு முறை, வேறு வேறு நேரத்தில் அழைத்தும் எடுக்காத எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாத எண்ணைவிட எடுக்காத எண் மோசம், அவசரத்தில் ஆளை அதிலேயே கட்டிப்போடும். விதிவிலக்கு தீ, ஆம்புலன்ஸ், காவல் எண்கள்: சோதிக்க அவற்றை அழைக்காதீர்கள். அரசு வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

தனியாரின் செல்பேசி எண் (குழாய் வேலை செய்பவர், வீட்டில் வந்து ஊசி போடும் நர்ஸ்) அவர் சம்மதித்தால் மட்டும். அச்சிட்டு ஒட்டப்போகிறோம் என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும். குரூப்பில் பகிர ஒப்புக்கொண்டவர் சுவரில் ஒட்ட ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கம்பம்_எண்

எண் கிடைத்த பிறகு புகார் ஏன் வேலையாக மாறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருவிளக்கையே எடுத்துக்கொள்வோம். "எங்க தெருவுல லைட் எரியலை" என்று பதிந்தால் வருகிறவர் பகலில் வருவார், எந்த விளக்கு என்று அவருக்குத் தெரியாது, புகாரை முடித்துவிட்டுப் போய்விடுவார். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைக் கொடுங்கள். எண் அழிந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண்.

எப்படிப் பழுது என்பதும் முக்கியம், அதைப் பொறுத்துத்தான் என்ன பொருளோடு ஆள் வருவார் என்பது. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் விளக்கோ அதன் இணைப்போ. வரிசையாக ஐந்தாறு எரியவில்லை என்றால் கேபிளோ, ஸ்விட்ச் பெட்டியோ, டைமரோ. பகலிலும் எரிந்தால் ஒளியுணர் கருவியோ டைமரோ. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்து, அணைந்து, சில நிமிடம் கழித்து மறுபடி எரிந்தால் அதன் ஆயுள் முடிகிறது: சூடேறியதும் தாங்காமல் அணையும், ஆறியதும் பற்றும். அது எரிகிற நேரத்தில் வந்து பார்ப்பவர் "சரியாத்தான் இருக்கு" என்று எழுதிவிடுவார். ஆகவே 'எரிந்து எரிந்து அணைகிறது' என்று முதலிலேயே பதியுங்கள், ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள்.

சாலைப் பள்ளத்துக்கு இரண்டு படம்: ஒன்று தூரத்திலிருந்து, கடையோ கம்பமோ தெரியும்படி, இன்னொன்று கிட்டத்தில், பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து. அளவு தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பு போய்விடும். இடம் வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள், அல்லது வரைபட இணைப்பைத் தனியாகக் கொடுங்கள். அதே காரணத்தால், வீட்டுக்குள் எடுத்த படத்தை டாக்குமென்ட்டாகப் பொதுக் குரூப்பில் போடாதீர்கள்.

ஒரு புகாரில் ஒரு பிரச்சினை. 'விளக்கு எரியலை, குப்பையும் எடுக்கலை' என்று ஒன்றாகப் போட்டால் ஒரு பிரிவு தன் வேலையை முடித்துவிட்டு முழுப் புகாரையும் மூடிவிடும். புகார் எண், பதிந்த தேதி, பதிந்தவர், நிலை என்று நாலு பத்தி பொதுத் தாளில் இருக்கட்டும். 'முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் புதுப் புகார் போடாமல் பழைய எண்ணிலேயே மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். புது எண் வாங்கினால் காத்திருந்த நாட்கள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேலதிகாரியிடம் போகும்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த நாட்கணக்குதான்.

அறுந்து தொங்கும் கம்பிக்குப் படம் எடுக்கக் கிட்டே போக வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், மற்றவரையும் நிறுத்துங்கள், அழையுங்கள். ஆப்பில் பதிகிற விஷயமல்ல அது.

பலகைக்காரர்

பலகை கட்டாயம் வையுங்கள், ஆனால் ஒரே பலகை, மக்கள் நிற்கிற இடத்தில். கடந்து போகிற இடத்தில் வைத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை வாசல், லிஃப்ட் பக்கம் நல்ல இடங்கள். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ஓரளவு எட்டும்.

மேல் பாதி நிரந்தரம் (அவசர எண்கள், பத்துக்கு மேல் வேண்டாம்), கீழ்ப் பாதி இந்த வாரத்துச் செய்தி. ஒவ்வொரு தாளிலும் வலது கீழ்மூலையில் 'எடுக்க வேண்டிய தேதி' பேனாவால் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டியதை யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம் என்று விதி வையுங்கள். பழைய முகாம் நோட்டீஸ் தொங்கும் பலகையை இரண்டாம் முறை யாரும் பார்ப்பதில்லை.

அச்சு லேசர் பிரின்டரில், கறுப்பில். சாதாரண இங்க்ஜெட் வண்ணம் வெயிலில் வெளுக்கும், ஈரம் பட்டால் கரையும்; தலைப்பைச் சிவப்பில் போட்டால் முதலில் மறைவது தலைப்புதான். லேமினேஷன் செய்தால் தாளின் ஓரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விளிம்பு வேண்டும், ஆணித்துளையும் அந்த விளிம்புக்குள்ளேயே விழ வேண்டும், வேண்டுமானால் மேல் விளிம்பை மட்டும் அகலமாக விடுங்கள். தாளைத் துளைத்தால் மழைத்தண்ணீர் அந்தத் துளைவழி உள்ளே ஏறி ஒரு வாரத்தில் கறுத்துப்போகும். தமிழ் எழுத்துக்கு வரி இடைவெளி 1.4ஆவது வையுங்கள், நெருக்கினால் மேல் வரியின் 'ழு', 'ளூ' கீழ் வரியின் 'கி', 'டீ' மேல் இடித்து, வயதானவர்களுக்குப் புள்ளியும் கொக்கியும் கலந்துபோகும். போன் எண்ணை மூன்று நான்கு இலக்கமாகப் பிரித்து எழுதுங்கள்.

க்யூஆர் கோடு போடுகிறீர்கள் என்றால் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு: அரை மீட்டரிலிருந்து பிடிக்க 5 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை விளிம்பை வெட்டிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கேமரா திணறும். இலவச 'டைனமிக்' கோடு (அந்தத் தளத்தின் வழியாகச் சுற்றிப் போவது) தரும் தளங்களில் சோதனைக் காலம் முடிந்ததும் கோடு விளம்பரப் பக்கத்துக்கோ ஒன்றுமில்லாத இடத்துக்கோ போகும். பலகையில் ஒட்டிய பிறகுதான் தெரியும். முகவரியை நேரடியாகப் பொதிந்த கோடே போதும், அது காலாவதி ஆகாது.

தெருமுனை

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். "தண்ணீரில் கிருமி, குடிக்காதீர்கள்" என்று அடிக்கடி ஃபார்வர்டு வருகிறது. உண்மையா பொய்யா என்று உறுதியாகும் வரை என்ன போடுவது? நீக்கினால் மறைக்கிறோம் என்கிறார்கள்.

சங்கொலி

நீக்க வேண்டாம். "இந்தச் செய்தியைக் குடிநீர்ப் பிரிவிடம் கேட்டிருக்கிறோம், 6 மணிக்குச் சொல்கிறோம். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள்" என்று போடுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊர் என்றால் மூன்று நிமிடம். பல் துலக்கவும் ஐஸ் கட்டிக்கும் இந்தக் காய்ச்சிய தண்ணீர்தான். ஆனால் செய்தி ரசாயனம், எண்ணெய் வாடை பற்றியது என்றால் காய்ச்சச் சொல்லாதீர்கள். கொதிக்க வைத்தால் ரசாயனம் போகாது, சிலது செறிவுதான் கூடும். அப்போது வேறு தண்ணீர்தான்.

இரட்டை அம்புக்குறியோடு வந்தால் பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவரிடம் "யார் சொன்னது, எந்தத் தெரு, என்றைக்கு" என்று மூன்றே கேள்வி கேளுங்கள்.

கம்பம்_எண்

நிறுத்தம் முடிந்து தண்ணீர் திரும்பும்போது கலங்கலாக வருவது குழாயில் படிந்த துரு கிளம்புவதால், காற்றோடு வருவது காலிக் குழாயில் காற்று புகுந்ததால். வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து தெளியும் வரை விடுங்கள். குழாய் வாயில் சல்லடை இருந்தால் கழற்றிவிட்டுத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மண் அதில் அடைத்துக்கொள்ளும். மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது அதற்குப் பிறகு. அரை மணி நேரம் விட்டும் தெளியாவிட்டால் புகார் பதியலாம், முதல் ஐந்து நிமிடத்தில் பதிந்தால் வேலைதான் கூடும். இந்த மூன்று வரியை 'தண்ணீர் வந்துவிட்டது' அறிவிப்போடு ஒட்டியே அனுப்பிவிடுங்கள்.