தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து குளிர்நாட்டுக்கு வந்தவங்களுக்கு: வைட்டமின் டி, தொப்பை, இதயம்

பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ வந்த முதல் குளிர்காலத்துலயே நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்க கேட்கிற கேள்வி: “ரத்தத்துல வைட்டமின் டி குறைவாம். ஹார்ட்டுக்கு ஆபத்தா? மாத்திரை போட்டா சரியாயிடுமா?” மாத்திரை போடுங்க. ஆனா அது எலும்புக்கும் தசைக்கும். இதயத்தைக் காக்குற வேலை அதனால ஆகாது.

ஏன் குறையுதுன்னா, தருமபுரி இருக்கிறது 12 டிகிரி அட்சரேகையில, லண்டன் 51 டிகிரியில. தோல்ல வைட்டமின் டி உண்டாக்குற யுவிபி கதிர், அக்டோபர்லேருந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் அங்க போதுமான அளவு தரைக்கு வர்றதில்ல, வானம் பளிச்சுன்னு இருந்தாலும் சரி. ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காயறதும் வீண், அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துடும். நம்ம நிறத்துக்கு அதே அளவு உண்டாக வெயில்ல கூடுதல் நேரமும் வேணும்.

பிரிட்டன் அரசு சொல்ற அளவு ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐயு (IU, வைட்டமினை அளக்குற சர்வதேச அலகு). நம்ம மாதிரி கருத்த தோல்காரங்க வருஷம் முழுக்க எடுக்கிறதைப் பத்தி யோசிக்கணும்னும் சொல்றாங்க. கனடாவுல 70 வயசு வரைக்கும், சாப்பாட்டுல கிடைக்கிறதையும் சேர்த்து 600 ஐயு. டப்பாவுல மைக்ரோகிராம்னு போட்டிருந்தா 40ஆல பெருக்குங்க: 25 மைக்ரோகிராம்னா 1000 ஐயு. கொழுப்புல கரையறது, அதனால சாப்பாட்டோட போடுங்க. சைவக்காரங்க டப்பாவைத் திருப்பிப் பாருங்க. பல கேப்சூல்களோட உறை ஜெலட்டின். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்புலேருந்து வர்றது, பாறையிலயும் மரத்துலயும் பாசி மாதிரி வளர்ற லைக்கன்லேருந்து எடுத்ததும் கிடைக்கும்.

ரிப்போர்ட் படிக்கிறதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஊர்ல நானோகிராம் கணக்கு, பிரிட்டன், கனடாவுல நானோமோல் கணக்கு. “ஊர்ல 20 இருந்தாப் போதும்னாங்க, இங்க 45 வந்திருக்கு”ன்னு சந்தோஷப்படக் கூடாது. 45ஐ 2.5ஆல வகுங்க, 18தான். அது குறைவு.

ஊர்லேருந்து பெட்டியில வர்ற 60,000 ஐயு பாக்கெட்டைப் பத்தி அழுத்தமாவே சொல்றோம். டாக்டர் வாரம் ஒண்ணுன்னு சில வாரத்துக்கு எழுதிக் குடுத்தது அது. தினமும் போட்டா ரத்தத்துல கால்சியம் ஏறும்: ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில கிட்னி பாதிப்பு. டாக்டர் சொல்லாம ஒரு நாளைக்கு 4000 ஐயுவைத் தாண்டாதீங்க. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரை போடுறவங்களுக்கு அந்த மாத்திரையே கால்சியத்தை உடம்புல நிறுத்தும், அவங்க முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

இப்போ இதயம். டி குறைஞ்சவங்களுக்கு இதய நோய் அதிகம்னு கவனிச்சது உண்மை. ஆனா மாத்திரை குடுத்துப் பார்த்தப்போ? அமெரிக்காவுல 25,871 பேர்கிட்ட நடந்த வைட்டல் ஆய்வுல, தினம் 2000 ஐயு வீதம் அஞ்சு வருஷத்துக்கு மேல குடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையல. 2018ல வந்த முடிவு. காரணம் தெரிஞ்சுக்கிறது முக்கியம்: வைட்டமின் டி உடம்புக் கொழுப்புல போய்த் தங்கிடும். எடை கூடினவங்க ரத்தத்துல அளவு குறைவாக் காட்டும், அதே மாத்திரைக்கு ஏறுறதும் குறைவு. வெளியே நடக்காதவங்களுக்கும் குறையும். ஆக தொப்பையும் உட்கார்ந்தே இருக்கிறதும் ஒரு பக்கம் டி-யைக் குறைக்குது, இன்னொரு பக்கம் இதயத்தைக் கெடுக்குது. மாத்திரை போட்டா ரிப்போர்ட்ல நம்பர் ஏறும். தொப்பை அப்படியேதான் இருக்கும்.

அதனால ஒரு இன்ச் டேப் வாங்குங்க. பேன்ட் சைஸை நம்பாதீங்க, பேன்ட் தொப்பைக்குக் கீழ நிக்கிறது. கடைசி விலா எலும்பு எங்க முடியுதுன்னு விரலால தடவிப் பாருங்க, இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல டேப்பைச் சுத்தி, சாதாரணமா மூச்சை விட்டதும் படிங்க. வயித்தை உள்ள இழுக்காதீங்க. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினா எச்சரிக்கை. உயரத்துக்கு ஏத்த எடையைக் காட்டுற பிஎம்ஐயும் வெள்ளைக்காரங்க கணக்கு 25 நமக்கு இல்ல: 23லயே அபாயம் ஏறத் தொடங்கும், 27.5ல ரொம்ப அதிகம்.

சாப்பாடு பத்தி

“நாங்கதான் ராகி சாப்பிடுறோமே”ன்னு சொல்றவங்களுக்கு: கேழ்வரகுல கால்சியம் இருக்கு, 100 கிராமுக்கு சுமார் 340 மில்லிகிராம். வைட்டமின் டி கிடையாது. அந்தக் கால்சியத்தைக் குடல் நல்லா உறிஞ்சணும்னாதான் டி வேணும்.

களி நல்ல சாப்பாடுதான், சிக்கல் அளவுல. காட்டு வேலைக்குப் போறவங்க ரெண்டு உருண்டை சாப்பிட்டா உழைப்புலயே செரிச்சுடும். லேப்டாப் முன்னாடி எட்டு மணி நேரம் உட்காருறவங்களுக்கு ஒரு சின்ன உருண்டை, மிச்சத் தட்டுல கீரையும் கொள்ளுக் குழம்பும். உறைஞ்ச கீரை எந்தக் கடையிலயும் கிடைக்கும். நைசா அரைச்ச மாவுல சர்க்கரை போட்டுக் குடிக்கிற கஞ்சி சுகர்காரங்களுக்கு ஆகாது.

உப்பு நாளுக்கு 5 கிராம், தலை தட்டின ஒரு டீஸ்பூன். மாங்கா ஊறுகா, அப்பளம், புளிசாதப் பொடின்னு பார்சல்ல வர்றது எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

எதைச் சோதிக்கணும்

2004ல 52 நாடுகள்ல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்போட அபாயத்துல 90 சதவீதத்துக்கு மேல ஒன்பது விஷயத்துல அடக்குச்சு: புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் (இது மட்டும் அந்த ஆய்வுல அபாயத்தைக் கூட்டல). தெற்காசியர்களுக்கு மாரடைப்பு சில வருஷம் முன்னாடியே வருதுன்னும் காட்டுச்சு.

இங்கிலாந்துல 40 வயசு ஆயிட்டா மருந்துக்கடையிலயே இலவசமா பிரஷர் பார்ப்பாங்க. வீட்டுல பார்த்தா 135/85 எல்லை. 40லேருந்து 74 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை என்எச்எஸ் (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) உடல் பரிசோதனை உண்டு. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுல மாரடைப்பு வந்திருந்தா 40 வரை காத்திருக்காம ஜிபிகிட்ட (உங்க குடும்ப டாக்டர்) சொல்லுங்க. சுகர் ரிப்போர்ட்ல எச்பிஏ1சி (கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) 48னு வந்தா அது ஊர்க் கணக்குல 6.5.

வாரம் 150 நிமிஷம் வேக நடை. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

நம்ம மாவட்டங்களுக்கே உரியது இன்னொண்ணு. முதுகு வலி, மூட்டு இறுக்கம்னு போனா டாக்டர் டி குறைவுன்னு சொல்லி அனுப்பிடக்கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்றதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா ஃபுளோரைடு போர் தண்ணி குடிச்சு, பல்லுல பழுப்புக் கறை இருக்கிறவங்களுக்கு அதே வலி, எலும்புல ஃபுளோரைடு படியுற ஃபுளோரோசிஸ் நோயாலயும் வரும். வெளிநாட்டு டாக்டருக்கு அது தோணாம போகலாம், நீங்களே எடுத்துச் சொல்லுங்க.